பூட்டிய கழிப்பறை பற்றிய வினா

ஆடி 8, புதன்

சொல்ல வெட்கமாக இருக்கிறது. சட்டமன்றத்துக்குப் போன கேள்வியை எழுதியவனும் நான்தான், இன்று அதற்குப் பதில் எழுதியவனும் நான்தான்.

மீமிசலில் மீன் விற்கும் செல்வி போன மாதம் என்னைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணே, மீன் எறங்குதளத்துல ஒங்க ஆபீசு கட்டுன கக்கூஸு பூட்டியே கெடக்கு. பொம்பளைங்க எங்கிட்டுப் போறது?" எம்.எல்.ஏ.வின் உதவியாளர் என் மச்சினன். அவனிடம் எழுத்து வினாவாகவே எழுதிக் கொடுத்தேன்: "கழிப்பறை எப்போது திறக்கப்படும்?" என் நடையில் எனக்கே பெருமை.

அது கோட்டைக்குப் போய், எங்கள் மீன்வளத் துறைக்கு இறங்கி, இன்று மாவட்ட அலுவலகத்தில் எழுத்தரான என் மேசைக்கே வந்து சேர்ந்தது. "சாயங்காலத்துக்குள்ள பதில் போயிரணும், பாத்துக்கங்க" என்றார் அதிகாரி. "விரைவில் திறக்க நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது" என்று எழுதினேன். எல்லா வினாவுக்கும் நாங்கள் எழுதுவதுதான்.

அனுப்பி முடித்ததும் செல்வியின் போன்.

"பதில் வந்துருச்சாண்ணே?"

"வந்துரும்த்தா."

"ஒங்க ஆபீசுல யாரு எழுதுறாகளோ, கொஞ்சம் மனசு வைக்கச் சொல்லுங்க."

பதிலின் நகலை வைக்க இழுப்பறையைத் திறந்தேன். அடியில் அந்தக் கழிப்பறையின் சாவி கிடந்தது, கட்டி முடித்த அன்று ஒப்பந்ததாரர் கொடுத்தது. கூடவே இருந்த, பெற்றுக்கொண்டதற்கான சீட்டில் என் கையெழுத்து.