ஒரு துடிப்புக்கு இரண்டு வாட்

மார்ச் 3, செவ்வாய்

இன்று பரிசோதனை மேடைக்கு வந்த தண்ணீர் மீட்டர்கள் முப்பத்தாறு. ஏழு தேறவில்லை. ஒன்று நூறு லிட்டருக்கு நூற்றுப்பத்து காட்டியது. சீல் வைக்காமல் ஒதுக்கினேன்.

வீட்டுக்கு வந்தால் இவள் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திச் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருக்கிறாள். பகலெல்லாம் தபால் பையோடு மிதிப்பது போதாதென்று காலையும் மாலையும் பயிற்சி வேறு. தபால் துறை சைக்கிள் அணியில் பெண்களுக்கு இந்த வருடம் ஒரே ஓர் இடம்தான் காலி. தேர்வு மே பத்து. போன வருடம் பதினோரு விநாடியில் கோட்டை விட்டாள்.

போட்டிக்கு வரும் இரண்டு பேரிடம் பெடலில் பொருத்தும் பவர் மீட்டர் இருக்கிறதாம். கால் எத்தனை வாட் தள்ளுகிறது என்று அப்படியே காட்டுமாம். விலை என் நாலு மாதச் சம்பளம் என்று மச்சான் சொன்னார். இவளுடைய அண்ணன், சைக்கிள் கடைக்காரர். "மார்ல கட்டுற பெல்ட் ஒண்ணு பழசு கிடக்கு மாப்ள. கைப்பிடியில மாட்டுற சின்னத் திரையில இதயத் துடிப்ப மட்டும் காட்டும். எடுத்துட்டுப் போங்க" என்றார்.

"துடிப்ப வச்சு வாட்டைக் கண்டுபிடிக்க முடியாதா? மீட்டர்காரர்தானே நீங்க?" என்றாள் இவள்.

உசுப்பேற்றிவிட்டாள். பயமாகவும் இருக்கிறது. இதயம் என்ன தண்ணீர்க் குழாயா?

மார்ச் 8, ஞாயிறு

தண்ணீர்த் தொட்டிக் குன்றுக்குப் போனோம். அடிவாரத்துப் பம்பு அறையிலிருந்து உச்சித் தொட்டி வரை எண்பத்து நான்கு மீட்டர் உயரம். எங்கள் அலுவலக வரைபடத்தில் இருக்கிறது. இவளும் சைக்கிளும் சேர்ந்து எழுபது கிலோ. எடையும் உயரமும் ஏறிய நேரமும் தெரிந்தால் செலவான சக்தி தெரிந்துவிடும். உராய்வுக்குக் கொஞ்சம் கூட்டிக்கொண்டேன்.

மெதுவாக ஒன்று, நடுத்தரமாக ஒன்று, மூச்சைப் பிடித்து ஒன்று என மூன்று முறை ஏறினாள். நிமிடத்துக்கு நூற்றைம்பது துடிப்பில் சரியாக எட்டு நிமிடம். நூற்று நாற்பது வாட். மற்ற இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு துடிப்பு கூடினால் இரண்டு வாட் கூடுகிறது. கோடு போட்டாற்போல் வந்தது. அட்டவணை எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டினேன்.

"பரவாயில்லையே, நாலு மாசச் சம்பளத்த ஒரு பேப்பர்ல முடிச்சிட்டீங்க" என்றாள்.

கடைசி ஏற்றத்தில் துடிப்பு நூற்று எழுபத்து நான்கைத் தொட்டது. இவளுக்கு ஒன்றுமில்லை. உச்சியில் திரையைப் பார்த்த நான்தான் போதும், வீட்டுக்குப் போகலாம் என்றேன். பயந்தாங்கொள்ளி என்று இவள் எனக்குச் சும்மாவா பெயர் வைத்தாள்.

மார்ச் 12, வியாழன்

குன்றுச் சாலையைத் தோண்டிப் போட்டுவிட்டார்கள். புதுக் குழாய் பதிக்க ஒன்றரை மாதமாம். தோண்டியது எங்கள் துறைதான்! இனி ஏரிக்கரைச் சாலையும் அட்டவணையும்தான் கதி.

மார்ச் 27, வெள்ளி

ஏரிக்கரையில் இருபது நிமிடம். துடிப்பு 152, அதாவது நூற்று நாற்பத்து நான்கு வாட். போன வாரம் நூற்று முப்பதுதான். அணியின் பயிற்சியாளர் அட்டவணையைப் பார்த்தார். எப்போதும் வாயில் விசிலோடு இருப்பதால் எல்லாருக்கும் அவர் விசில் மாஸ்டர். இன்று விசிலை எடுத்துவிட்டே பேசினார்: "மத்தப் பொண்ணுங்களுக்கும் இதே மாதிரி போட்டுக் குடுங்க சார்." தலைகால் புரியவில்லை எனக்கு. ஐந்து பேர் இதையே நகலெடுத்து வாங்கிப்போனார்கள், கைராசிக்காரராம் நான்.

ஏப்ரல் 9, வியாழன்

துடிப்பு 164. நூற்று அறுபத்தெட்டு வாட்! எடையும் மூன்று கிலோ இறங்கி ஐம்பத்தைந்து. இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிடுகிறாள், ஆனாலும் இறங்குகிறது. எடை இறங்கி வாட் ஏறினால் வேறென்ன வேண்டும் என்று குதிக்கிறாள்.

வேகம் மட்டும் ஏறவில்லை. "ரோடெல்லாம் ஜல்லிங்க" என்றாள். நானும் 'சாலை மோசம்' என்று குறிப்பெழுதினேன்.

ஏப்ரல் 17, வெள்ளி

காலையில் பால் ஊற்றும்போது இவள் கை நடுங்கியது. கிளம்பப் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தாள். எண்ணைப் பார்த்தேன். 98. மார்ச்சில் இதே நாற்காலியில் அறுபது.

"பழைய பெல்ட்டுங்க" என்றாள். மணிக்கட்டைப் பிடித்து நானே எண்ணினேன். அரை நிமிடத்துக்கு நாற்பத்தொன்பது.

பெல்ட் சரியாகத்தான் இருக்கிறது. அதுதான் பயமாக இருக்கிறது.

ஏப்ரல் 18, சனி

விசிறிக்கு அடியிலேயே வேர்க்கிறது இவளுக்கு. பயிற்சியின் சூடாம். கேட்டால் எரிந்து விழுகிறாள்.

ஏப்ரல் 20, திங்கள்

தையற்காரம்மா ஒருவரின் வீட்டிலிருந்து புகார். "தண்ணி சொட்டுக்கூட வரல, மீட்டர் மட்டும் பேயா சுத்துது. என்ன சார் அநியாயம்?" வழக்கமான பதில்தான். குழாயில் காற்று அடைத்துக்கொண்டால் அது போகிற போக்கில் மீட்டரைச் சுற்றிவிடும், சுற்றுவதெல்லாம் தண்ணீர் இல்லையம்மா என்று சொல்லிக்கொண்டே வந்தவன் பாதியில் நின்றுவிட்டேன். "என்ன சார் ஆச்சு, தண்ணி வேணுமா?" என்றார். அவர் வீட்டில் ஏது தண்ணீர்.

நான் வாட்டை அளக்கவே இல்லை. துடிப்பைத்தான் அளந்தேன். துடிப்பு கூடினால் வாட் கூடும் என்பது மார்ச் எட்டாம் தேதி இருந்த உடம்புக்கு. உடம்பு கெட்டு இதயம் சும்மாவே ஓடினாலும் என் அட்டவணை அதற்கு வாட் என்றுதான் பெயர் வைக்கும். நோய் ஏற ஏற, பலம் ஏறுகிறது என்று எழுதிவந்திருக்கிறேன். ஊரார் மீட்டரையெல்லாம் மறுபரிசோதனை செய்கிறவன், சொந்தக் கணக்கைச் சுவரில் ஒட்டிவிட்டு அழகு பார்த்தேன்.

தப்பாக இருக்கட்டும். நான் நினைப்பது தப்பாக இருக்கட்டும்.

ஏப்ரல் 22, புதன்

குன்றுச் சாலை திறந்தாயிற்று. ஏறச் சொன்னேன். துடிப்பு 168. அட்டவணைப்படி ஆறு நிமிடத்தில் உச்சியில் நின்றிருக்க வேண்டும்.

எட்டு நிமிடம் ஐம்பது விநாடி.

"எவ்வளவு?" என்று மூச்சிரைக்கக் கேட்டாள். கடிகாரத்தைச் சரியாக அழுத்தவில்லை என்று சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 23, வியாழன்

சொல்லவில்லை.

ஏப்ரல் 24, வெள்ளி

இன்றும்.

ஏப்ரல் 25, சனி

சொல்லிவிட்டேன். நேரத்தையும் சொன்னேன், டாக்டரிடம் போகலாம் என்றும் சொன்னேன்.

"ஊரெல்லாம் காட்டிப் பெருமையடிச்சீங்களே. நான் தேறப் போறேன்னதும் கணக்கு தப்பாயிடுச்சா?"

"அதில்லம்மா..."

"உங்க பயத்தையெல்லாம் என் தலையில கட்டாதீங்க. டாக்டரு, மருந்து எல்லாம் பத்தாம் தேதிக்கு அப்புறம்."

அட்டவணையில் எண்கள் ஏறியபோது நானும்தான் கூடக் குதித்தேன். இப்போது எந்த வாயால் வாதாடுவது?

மே 2, சனி

ஏரிக்கரையில் பாதி வழியில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். உதடு வெளுத்திருந்தது. எண் 190, அப்புறம் 70, அப்புறம் 200. தண்ணீர் கொடுக்கக்கூடக் கை ஓடவில்லை எனக்கு. ஐந்து நிமிடத்தில் தானாகச் சரியானது.

"யார்கிட்டயும் சொல்லாதீங்க. எட்டு நாள்தான். சத்தியமா சொல்ல மாட்டேன்னு சொல்லுங்க."

தலையாட்டினேன். ஏன்டா ஆட்டினே? ஆட்டாமல் இருந்திருந்தால் அங்கேயே எழுந்து மறுபடி மிதித்திருப்பாள், அதுதான் காரணம் என்று எழுதலாம். உண்மை அது இல்லை. இவள் முகத்துக்கு எதிரில் முடியாது என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

மே 4, திங்கள்

அரை நாள் விடுப்பு. நோட்டை எடுத்துக்கொண்டு விசில் மாஸ்டரிடம் போனேன். எல்லாவற்றையும் காட்டினேன், ஏரிக்கரையையும் சேர்த்து. விசிலை மேசையில் வைத்துவிட்டுக் கடைசிப் பக்கம்வரை வாசித்தார். "வீட்ல தெரியுமா, நீங்க வந்தது?" என்றார். தெரியாது என்றேன்.

மே 5, செவ்வாய்

டாக்டர் சான்றிதழ் இல்லாமல் தேர்வில் கலந்துகொள்ள முடியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கத்துவாள் என்று நினைத்தேன்.

"தலையாட்டினீங்களே" என்றாள். அவ்வளவுதான்.

மே 7, வியாழன்

டாக்டரம்மா முதலில் கழுத்தைத்தான் தொட்டுப் பார்த்தார். நேற்றைய ரத்தப் பரிசோதனையும் வந்திருந்தது. "தைராய்டு சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்யுது. அதான் எடை இறங்குது, கை நடுங்குது. இதயத்துக்கு ஓய்வே இல்ல. இங்க பாருங்க, தாளம் தப்ப ஆரம்பிச்சிருக்கு." இதய வரைபடத்தாளில் அந்த இடத்தைப் பேனாவால் காட்டினார். குணமாகிவிடும், மாதங்கள் ஆகும், அதுவரை சைக்கிளே கூடாது.

"வர்ற ஞாயித்துக்கிழமை தேர்வுல ஓட்டினா?" என்று கேட்டேன்.

"அதான் ஓட்டப் போறதில்லையே" என்று மருந்துச் சீட்டை எழுதினார். இவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மே 10, ஞாயிறு

தேர்வு ஏழு மணிக்கு. அதற்கு முன்பே குளியலறைக்குள் போனவள் ஏழரை வரை வெளியே வரவில்லை. குழாய் ஓடிக்கொண்டே இருந்தது.

ஜூன் 13, சனி

அட்டவணை வாங்கிப்போன ஐந்து பெண்களையும் தேடிப் போய்க் காகிதத்தைத் திரும்ப வாங்கினேன். கைராசி என்று எவரும் சொல்லவில்லை. துடிப்பு காரணமில்லாமல் ஏறினால் முதலில் டாக்டரிடம் போங்கள் என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். ஒருத்தி சிரித்தாள்.

வீட்டில் பேச்சு சாவி, உப்பு, மின்கட்டணம் என்ற அளவில் நிற்கிறது. தபால் நிலையத்தில் இவளைக் கடிதம் பிரிக்கும் மேசைக்கு மாற்றியிருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 30, ஞாயிறு

உட்கார்ந்திருக்கும்போது துடிப்பு 66. எடை ஐம்பத்தேழு. மாத்திரையை எடுத்துக் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறாள், முகத்தைப் பார்ப்பதில்லை. பார்க்காவிட்டால் போகிறது. இருக்கிறாளே.

அக்டோபர் 11, ஞாயிறு

ஏறலாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். குன்றின் அடிவாரத்தில் பெல்ட்டைக் கழற்றி என்னிடம் நீட்டினாள். "நம்பரப் பாத்துக்கிட்டே ஏற முடியாது என்னால. நீங்க மாட்டிக்கங்க." மறுபேச்சுப் பேசாமல் சட்டைக்குள் கட்டிக்கொண்டேன். பஸ்ஸில் உச்சிக்குப் போய்க் கடிகாரத்தோடு நின்று கை காட்டினேன். முதல் வளைவில் மறைந்தாள்.

ஒன்பது நிமிடம் பன்னிரண்டு விநாடி. அவ்வளவு நேரமும் நான் என்ன நினைத்தேன் என்று எழுதப் போவதில்லை.

பக்கத்தில் வந்து நின்றதும், இவள் சைக்கிளின் கைப்பிடியில் இருந்த சின்னத் திரை என் பெல்ட்டைக் கண்டுகொண்டு எண்ணைக் காட்டியது. குனிந்து பார்த்தாள்.

"சும்மா நிக்கிற ஆளுக்கு நூத்தி இருவத்தி நாலா?"

எண் நூற்று இருபத்தாறானது. விரல் விட்டுக் கணக்குப் போட்டாள்.

"உங்க அட்டவணைப்படி தொண்ணூத்தி ரெண்டு வாட்" என்றாள். "சைக்கிளே இல்லாம."

இறக்கத்தில் ஏறி உட்காரவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அடிவாரம் வரை என் கூடவே நடந்து வந்தாள்.