மணி நிற்கும் வரை

மார்ச் 3
லுக்‌ஷா இன்றும் தாமதம். துறைக்கு மேலே படிக்கட்டில் நின்று, "அண்ணே, அரை நிமிஷம்" என்று கத்தினான். அக்கரைச் சந்தைக்கு முட்டைக்கோஸ் கூடை இரண்டு. படகை நிறுத்தி வைத்தேன். அவனுக்குப் பின்னால் தபால் பை வந்தது, அதற்கும் கொஞ்சம். இந்தத் தீவில் ஒருவரையும் துறையில் விட்டுவிட்டு நான் போனதில்லை. அரை நிமிடத்தில் யார் குடி முழுகிவிடும்?

மார்ச் 5
முழுகத்தான் செய்தது. இன்றும் ஒவ்வொருவருக்காக நின்று நாங்கள் அக்கரை சேர்வதற்குள் ஸ்பிளிட் நகரத்துக்குப் போகும் பஸ் போய்விட்டது. நேவெங்கா அதில் போக வேண்டியவள். எங்கள் பள்ளிக்கூடத்து டீச்சர். வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போகிறாள். மீன் வண்டியில் தொற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது அவள் முறை தாண்டிவிட்டதாம். பாதி நேரம்தான் மெஷின் கிடைத்தது. திரும்பும்போது கால் வீங்கியிருந்தது.

"பரவால்லண்ணே, சந்தைக்கு முட்டைக்கோஸ் வேணாமா?" என்று சிரித்தாள். அவள் திட்டியிருக்கலாம்.

மார்ச் 6
எந்த அரை நிமிடம் தப்பு? முதலாவது இல்லை. இரண்டாவதும் இல்லை. கடைசியாக வந்ததும் மற்றவை மாதிரிதானே — அது மட்டும் என்ன பாவம் செய்தது? ஆனால் எல்லாம் சேர்ந்து ஒரு பெண்ணின் காலை வீங்க வைத்துவிட்டது. டோப்ரிலாவிடம் சொன்னேன். "சூப் ஆறுது, முதல்ல சாப்பிடுங்க" என்றாள். மனைவி சொன்னபடி சாப்பிட்டேன். இறங்கவில்லை.

மார்ச் 10
கடிகாரத்தைப் பார்த்துச் சரியாக ஏழுக்குக் கிளம்பினேன். காய்ச்சல் குழந்தையோடு ஒருத்தி ஓடிவந்தாள். திரும்பிப் போய் ஏற்றிக்கொண்டேன். சட்டம் முதல் நாளே போச்சு.

மார்ச் 12
நேவெங்காவையே கேட்பது என்று ஆரம்பித்தேன். "நிக்கலாமா, டீச்சர்?" "நில்லுங்கண்ணே." யார் வந்தாலும் "நில்லுங்கண்ணே". படகு முழுக்க அவள் முகத்தைப் பார்த்தால் வேறென்ன சொல்வாள்? என் சுமையைத் தூக்கி அவள் தலையில் வைத்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 15
முடிவு செய்துவிட்டேன். ஏழு மணிக்கு பேப்போ கோயில் மணி அடிக்கிறான்; தீவில் எல்லா வீட்டுக்கும் கேட்கும். அது நின்றதும் கயிற்றை அவிழ்ப்பேன். ஏன் அப்போது, அதற்குச் சற்று முன்போ பின்போ இல்லாமல்? காரணம் கிடையாது. ஒரு கோடு எங்கேயாவது போட்டாக வேண்டும், போட்டவன் நான் என்று ஊரில் சொல்லிவிட்டேன். காய்ச்சல்காரர்களுக்கு மட்டும் நிற்கலாமா என்று யோசித்தேன். எவ்வளவு காய்ச்சலுக்கு? மறுபடி அதே குழி. உயிர் போகிற அவசரத்துக்கு ஆஸ்பத்திரிப் படகு இருக்கிறது.

பேப்போவிடம் போய்ச் சொன்னேன். ஊருக்கே தெரிந்த சிடுமூஞ்சி. "நான் ஆண்டவருக்கு மணி அடிக்கிறேன், உன் ஓட்டைப் படகுக்கு இல்ல. எவனுக்காகவும் ஒரு அடி அதிகமா அடிக்க மாட்டேன்."

"அதுக்குத்தான் உன்கிட்ட வந்தேன்" என்றேன்.

மார்ச் 17
லுக்‌ஷாவை விட்டுவிட்டுப் போனேன். கூடைகளுக்கு நடுவில் நின்று என் வம்சத்தையே இழுத்தான்.

ஏப்ரல் 8
இப்போதெல்லாம் லுக்‌ஷாதான் முதலில் வருகிறான். வந்து மற்றவர்களை விரட்டுகிறான். நேவெங்கா ஒரு பஸ்ஸைக்கூடத் தவறவிடவில்லை. புரா என்னும் வாடைக்காற்று ஓய்ந்துவிட்டது, கடல் நீலமாகக் கிடக்கிறது. சந்தோஷமாக இருக்கிறேன். நன்றாகப் பசிக்கவும் செய்கிறது.

ஏப்ரல் 21
மணி அடிக்க ஆரம்பித்துவிட்டது, நேவெங்காவைக் காணோம். "அண்ணே, அவளுக்காகத்தானே இந்தச் சட்டமே" என்றான் லுக்‌ஷா. போய்விட்டால் நான் மனிதனே இல்லை. நின்றால், அன்று நான் துறையில் விட்டுவிட்டுப் போன இவனுக்கு என்ன பதில்? கை கயிற்றில் இருந்தது.

மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. பூசைக்கு வந்தவர்கள் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தார்களாம். மணிக்கூண்டிலிருந்து பார்த்தால் மேட்டுப் பாதை துறை வரை முழுக்கத் தெரியும். அந்தப் பாதையில் நேவெங்கா சுவரைப் பிடித்தபடி, சுளுக்கிய காலை இழுத்துக்கொண்டு இறங்கி வந்தாள். லுக்‌ஷா ஓடிப்போய்த் தாங்கிக்கொண்டான். அவள் படகில் கால் வைத்தாள். மணி நின்றது. கயிற்றை அவிழ்த்தேன். பஸ்ஸைப் பிடித்துவிட்டோம்.

சாயங்காலம் காப்பிக் கடையில் பேப்போவிடம் கேட்டேன். முறைத்தான். "கயிறு சிக்கிக்கிச்சு."

கயிறு சிக்கினால் மணி எப்படி அடிக்கும் என்று நான் கேட்கவில்லை.