இடக்கைத் துவக்கு

09.06.2024, ஞாயிறு

தேவாலயத்தால் வந்து சேலை மாற்றுவதற்குள் சுஜீவனின் அழைப்பு. கனடாவில் அவனுக்கு இன்னும் சனிக்கிழமை இரவு. மார்கழியில் மகள் ஜெயனியைக் கூட்டிக்கொண்டு இங்கே வரலாம் என்று நினைக்கிறானாம். போய்ப் பதினைந்து வருடம். இப்படி வாய்விட்டுச் சொல்வது இதுதான் முதல் தடவை. பேத்திக்கு ஐந்து வயது. நான் அவளை இன்னும் தொட்டதில்லை. போனில் காட்டினான், முகத்தை மட்டும். கை அசைக்கச் சொன்னேன். "பிறகு, அம்மா" என்று போனைத் திருப்பிவிட்டான்.

வைக்குமுன் இன்னொன்று. "குலுக்கலிலை எனக்கு மூஸ் வேட்டைக்கு அனுமதி விழுந்திருக்கு. சுடுறதுக்குத் துவக்கு ஒண்டு வாங்கவேணும். எதை வாங்கிறதெண்டு நீங்கள்தான் சொல்லோணும்."

துவக்கு. இந்த வீட்டில் அந்தச் சொல்லை மெதுவாகக்கூடச் சொல்லாமல் இருந்த வருடங்கள் எத்தனை! என்னிடம் ஏன் கேட்கிறான்? இருந்தாலும், கேட்டானே.

14.06.2024, வெள்ளி

இரண்டு படம் அனுப்பியிருக்கிறான். பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். சுட்ட பிறகு அடுத்த ரவையை ஏற்றும் பிடி ஒன்றில் வலப்பக்கம், மற்றதில் இடப்பக்கம். அவ்வளவுதான் வித்தியாசம். வலக்கைத் துவக்கு கடையில் இருக்கிறது. இடக்கைக்காரருக்கானது வந்துசேர ஆறு கிழமை ஆகும்.

"நீங்கள் சொல்லுறதைத்தான் வாங்குவன்" என்று கீழே எழுதியிருக்கிறான்.

சுஜீவன் பிறப்பில் இடக்கைக்காரன். ஐந்து வயதில் நான்தான் திருத்தினேன். ஒரு நாளும் அடிக்கவில்லை. கோதுமை மாப் பையின் துணியில் சின்ன உறை ஒன்று தைத்து, இடக்கையை அதற்குள் விட்டு, மணிக்கட்டில் நாடாவால் கட்டிவிடுவேன். பின்னேரம் ஐந்து மணியிலிருந்து ஜெபம் முடியும்வரை. எட்டு மாதம். அழுவான். பக்கத்தில் இருந்து கதை சொல்லுவேன். "கொஞ்சம் பழகினால் சரிவரும், அப்பு." சரிவந்தது. ஆசிரியர் கருத்தரங்குகளில் அவனையே உதாரணம் காட்டியிருக்கிறேன். அதே உறையால் பாலர் வகுப்பில் முப்பத்தொரு பிள்ளைகளைத் திருத்தினேன். கிழமைக்கு ஒருக்கால் தோய்ப்பேன்.

அவனுக்குப் பேச்சுத் திக்கத் தொடங்கியதும் அந்த வருடம்தான். இரண்டுக்கும் தொடர்பில்லை என்று வைத்தியர் சொன்னார். சொன்னாரா? ஆம் என்றும் சொல்லவில்லை.

23.06.2024, ஞாயிறு

ஒரு கிழமையாகப் படிக்கிறேன். பரீட்சைக்குப் போகும் பிள்ளை மாதிரிக் கொப்பியில் குறிப்புக்கூட எடுத்தேன். மூஸ் மான் இனம்தான். நிறையில் எங்கள் வடக்கன் மாட்டைத் தாண்டும். சின்ன ரவை தோலுக்குள் போய் நின்றுவிட்டால் சாகாது, நாட்கணக்காக அலையும். ஆறரை மில்லிமீற்றர் ரவை கிட்டத்தில் போதும் என்கிறார்கள். எனக்குத் திருப்தியில்லை. 300 மக்னம் பலமானது, ஆனால் தோளில் பொல்லாத உதை. இரண்டு தரம் உதை வாங்கியவன் மூன்றாம் தரம் சுடுமுன்பே கண்ணை மூடுவானாம். அதட்டிப் படிப்பித்த பிள்ளை கேள்வி வருமுன்பே கண்ணை மூடுவதுபோல.

30-06 என்ற அளவுதான் நடுநிலை. அதையே எழுதினேன். முன்னங்காலுக்குப் பின்னால், நெஞ்சுக்கூட்டில், ஒரே வெடி என்றும் எழுதினேன்.

"நல்லா விளங்கப்படுத்திறியள், ரீச்சர்" என்று பதில் வந்தது. அம்மா என்று எழுதவில்லை.

30.06.2024, ஞாயிறு

குறி பார்ப்பது எந்தக் கண் என்று அறிய ஒரு வழி படித்தேன். இரண்டு கைகளையும் சேர்த்துச் சின்ன ஓட்டை செய்து, அதனூடாகத் தூரத்தில் ஒன்றைப் பார்த்து, ஒவ்வொரு கண்ணாக மூடவேண்டும். அவனைச் செய்யச் சொன்னேன். இடக்கண்.

அப்படியென்றால் துவக்கை இடத்தோளில்தான் வைப்பான். பிடி வலப்பக்கம் இருந்தால் ஒவ்வொரு வெடிக்கும் கையைக் கழற்றி மேலால் எட்டவேண்டும். வலக்கைக் கத்தரிக்கோலை இடக்கையில் கொடுத்துக் கடதாசி வெட்டச் சொல்வதுபோல, வெட்டாது, கசக்கும்.

கையைத் திருத்தினேன். கண்ணை நான் யோசிக்கவில்லை.

இடக்கைத் துவக்குத்தான் சரி. நாளைக்குச் சொல்லவேண்டும்.

01.07.2024, திங்கள்

வலதையே வாங்கு என்று சொல்லிவிட்டேன்.

ஏன் சொன்னனான்? காலையில் மீன் விற்கிற லூர்த்தம்மா மயிலிட்டிப் பாரையோடு வந்தாள். பாரையை வெட்டிக்கொண்டே, "என்ரை கொலின்ஸ் நாலு பேருக்கு முன்னாலை வலக்கையாலை சோறு தின்னுறானெண்டால் அது உங்கடை புண்ணியம், ரீச்சர்" என்றாள். அவள் மகனும் அந்த முப்பத்தொரு பேரில் ஒருவன். அவள் இருக்கும்போதே சுஜீவனின் அழைப்பு. இடது என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. அதைச் சொன்னால் அந்த எட்டு மாதம் என்ன? முப்பத்தொரு பிள்ளைகள் என்ன?

"வலதையே வாங்கு, அப்பு. கொஞ்சம் பழகினால் சரிவரும்."



"சரி, அ... அ... அம்மா."

18.08.2024, ஞாயிறு

சுட்டுப் பழகப் போனானாம். இடத்தோள் நீலம் பாரித்த படம். பதினாறு வயதில் சோதனைச் சாவடியில், ஆமிக்காரர் ஆயுதப் பயிற்சித் தழும்பு தேடி, இவனின் சட்டையைக் கழற்றி வலத்தோளைத்தான் அமத்திப் பார்த்தார்கள். நான் பக்கத்தில் நின்று, இது படிக்கிற பிள்ளை என்று கெஞ்சினேன்.

ஜெயனிக்குச் சின்ன மேசை ஒன்று செய்வித்தேன். வேப்பமரம். அலுமாரி துப்புரவாக்கும்போது அந்த உறை கிடைத்தது. தோய்த்துக் காயப்போட்டேன்.

06.10.2024, ஞாயிறு

குரல் பதிவு ஒன்று. ஒரு இடத்தில்கூடத் திக்கவில்லை. எழுதிவைத்து வாசித்திருக்கவேண்டும்.

"முதல் வெடி வயித்திலை பட்டிட்டுது. அது நிண்டு என்னைப் பாத்தது. அடுத்த ரவை ஏத்த என்ரை கை இடப்பக்கம் போச்சு. அங்கை பிடி இல்லை. மேலாலை எட்டி ஏத்திறதுக்குள்ளை அது பத்தைக்குள்ளை போட்டுது. ரெண்டு நாள் தேடினன். கண்டுபிடிக்கேக்கை உயிர் இருந்தது. அண்டங்காகம் ஒரு கண்ணைக் கொத்தி எடுத்திருந்தது. மற்றக் கண் திறந்தபடி. கிட்டப் போய்த்தான் முடிச்சனான். விளங்குதே, ரீச்சர்? உங்களுக்கு உதாரணம் எண்டால் விருப்பம்தானே."

மூன்று தரம் கேட்டேன். சாப்பிடவில்லை.

09.10.2024, புதன்

நானே எடுத்தேன். "உனக்குத் தெரியும்தானே அப்பு, இடதுதான் சரியெண்டு. பிறகேன் நான் சொன்னதை வாங்கினனி?"

"ஜெயனி இடக்கை, அம்மா."

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"அவளை உங்களிட்டைக் கூட்டிக்கொண்டு வரலாமோ எண்டு எனக்குத் தெரியவேணும். அதுக்குத்தான் துவக்கைக் கேட்டனான்."

"நான் பிள்ளைக்கு ஒண்டும் செய்யமாட்டன், அப்பு."

"ஓம். நீங்கள் ஒரு நாளும் அடிக்கமாட்டியள்."

மார்கழிக்கு வரமாட்டார்கள்.

பெத்த தாயை ஆரும் இப்பிடிச் சோதிக்கிறதே? ஒரு வாயில்லாச் சீவனைச் சாகக்குடுத்து? கல்நெஞ்சன். எட்டு மாசம் பக்கத்திலை இருந்து கதை சொன்னனான் — ஒரு நாள்கூட விட்டுட்டு எழும்பயில்லை —

24.11.2024, ஞாயிறு

படம் ஒன்று வந்தது. எழுத்து எதுவும் இல்லை. சுஜீவனின் மடியில் புதிய துவக்கு, பிடி இடப்பக்கம். பக்கத்தில் ஜெயனி படம் கீறுகிறாள். அவளின் கைகளை இன்றைக்குத்தான் முதன்முதல் கண்டேன்.

ஜெயனிக்குச் செய்வித்த மேசையை எடுத்துப்போக லூர்த்தம்மா வந்தாள். கொலின்ஸின் மகளுக்குத் தருவதாகச் சொல்லியிருந்தேன். போனை எட்டிப் பார்த்தாள். "ஐயோ, பேத்தி பீச்சங்கையாலை எல்லோ பென்சில் பிடிக்குது! நீங்கள் பக்கத்திலை இருந்திருந்தால் இப்பத்தைக்குத் திருத்தியிருப்பியள்."

போனைக் கவிழ்த்து வைத்தேன்.

"எங்கடை குட்டிக்கும் உந்தப் பழக்கம்தான், ரீச்சர். அந்த உறை கிடக்கோ? ஒருக்காத் தாங்கோ."

"எலி வெட்டிப்போட்டுது" என்றேன். உறை என் தலையணைக்குக் கீழே இருந்தது.

"பரவாயில்லை. எத்தினை தரம் பாத்தனான், அளவு எனக்குத் தெரியும். நானே ஒண்டு தைக்கிறன்."

மேசையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள். வாசல் படலைவரை பின்னால் போனேன். "லூர்த்தம்மா!" என்று கூப்பிட்டேன். மேசையோடு மெல்லத் திரும்பினாள்.

"ஒரு கால் கொஞ்சம் ஆடும். கவனம்" என்றேன்.