உம்முடைய அரைவாசி

இன்று காலை பிரிட்ஜைத் திறந்ததும் அழுகல் மணம் மூக்கில் அடித்தது. கீழ்த்தட்டில், பேப்பரில் சுற்றியபடியே, பூசணிக்காய்த் துண்டு நீர்விட்டுக் குழைந்து கிடந்தது. போன கிழமை வெள்ளவத்தை மார்க்கட்டில் வாங்கியது. இதைவிடச் சின்னதாக வெட்ட ஏலாது என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். வாங்கும்போது சமைக்கத்தான் நினைத்தேன். பையில் போட்டுக் கட்டி, மாடியிறங்கி எறிந்துவிட்டு வந்து உமக்கு எழுதுகிறேன்.

நீர் கொட்டாஞ்சேனையிலிருந்து எங்கள் பிளாட்டில் எதிர் வீட்டுக்குக் குடிவந்தபோது என் மனைவி காலமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. உம்முடைய மனைவி அதற்கு முன்பே போயிருந்தார். பிள்ளைகள் நம் இருவருக்கும் வெளிநாட்டில். ஒருநாள் நான் குப்பைப் பையோடு வெளியே வர, நீர் மரியாதையில்லாமல் அதற்குள் எட்டிப் பார்த்தீர். பூஞ்சணம் பிடித்த அரை றாத்தல் பேக்கரிப் பாண், மஞ்சளாகிப்போன கீரைக்கட்டு, புளித்த பருப்பு. எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. நீரோ சிரிக்கக்கூட இல்லை.

"ஐசே, ஒரு ஆளுக்கெண்டு இந்த ஊரில ஒண்டும் விக்கிறேல்ல. நாங்க ரெண்டு பேரும் சேந்து வாங்கினாத்தான் சரிவரும்."

அன்று தொடங்கியது. தேங்காய் உம்முடைய வீட்டில் உடையும். பாதி என் வீட்டுக்கு வரும். கண் உள்ள பாதி கெதியில் பழுதாகிவிடும் என்று அதை நீர் வைத்துக்கொண்டு மற்றதையே எனக்குத் தருவீர். கீரைக்கட்டு பாதி, பாண் பாதி, மீன் பாதி. பசியோடு மார்க்கட்டுக்குப் போக விடமாட்டீர். பசி கண்டதையெல்லாம் வாங்கச் சொல்லுமாம். நான் பீட்ரூட் இலையை வெட்டி எறிந்ததைப் பார்த்து ஒரு மாதம் என்னை மகாராசா என்றே கூப்பிட்டீர். பிறகு அந்த இலையிலேயே சுண்டல் செய்து தந்து வாயை அடைத்தீர். காய்ந்த பாண் உம்முடைய கையில் உப்புமாவாகும். மிஞ்சிய கறி பிரிட்ஜில் முன்வரிசைக்கு வரும், அதுவும் கண்ணாடிப் போத்தலில். கண்ணில் படாதது குப்பைக்குத்தான் போகும் என்பீர். நீர் கத்தோலிக்கர், நான் வெள்ளிக்கிழமையில் மரக்கறி மட்டுந்தான். அன்றைக்கு நீரும் மீனைத் தொடாமல் என்னோடு சேர்ந்து பருப்பைத் தின்றீர். மனைவி போனபிறகு சாப்பாட்டில் எனக்கு ருசி வந்தது உம்மால்தான். இதை உமக்குச் சொன்னேனா என்று நினைவில்லை.

பிறகு உமக்குத் தொண்டையில் வருத்தம் வந்தது. நீர் சமைப்பதை நிறுத்த, நான் இருவருக்கும் சமைத்தேன். கறியைக் குழைய அவித்து, உறைப்பில்லாமல் பிரட்டி, மத்தியானம் கொண்டுவந்து தருவேன். கதவடியில் வாங்கிக்கொள்வீர். "பிறகு ஆறுதலாச் சாப்பிடுறன்" என்பீர். மறுநாள் பாத்திரம் கழுவித் துடைத்து வரும். உப்புக் கொஞ்சம் கூட என்று குறைகூடச் சொல்லுவீர். மெலிந்துகொண்டே போனீர். நான் அதைத் தொண்டை வருத்தத்தின் கணக்கில் போட்டேன்.

செத்தவீடு முடிந்து உம்முடைய மகன் வீட்டை ஒதுக்கும்போது என்னையும் கூப்பிட்டார். பிரிட்ஜைத் திறந்தோம். தட்டுக்குத் தட்டு ஐஸ்கிரீம் பெட்டிகள், தயிர்க் கோப்பைகள். ஒன்றைத் திறந்தேன். நான் செய்த பருப்பு. அடுத்தது நான் செய்த பூசணி. சில உறைந்திருந்தன, சில பூத்துப்போயிருந்தன. ஒன்றிலும் கரண்டி பட்ட அடையாளமே இல்லை.

மகன் என் கையிலிருந்த கோப்பையை வாங்கி மூடினார்.

"அப்பாவுக்குக் கஞ்சியைத் தவிர ஒண்டும் இறங்கேல்ல, அங்கிள். உங்களிட்ட வேண்டாமெண்டு சொல்லச் சொல்லி நானும் போன்ல சொன்னனான். அதுக்கு அப்பா, நான் வாங்காட்டி அந்த மனிசன் சமைக்கிறத விட்டிடும் எண்டார்."

அவர் எல்லாவற்றையும் கறுப்புப் பைகளில் கொட்டிக் கட்டினார். அந்தப் பைகளை இருவருமாகக் கீழே தூக்கிக்கொண்டு போனோம். பீட்ரூட் இலையை எறிய விடாத மனிதர் நீர். எனக்காக அவ்வளவையும் பழுதாக விட்டீர்.

நீர் பயந்தபடியேதான் நடக்கிறது. இப்போது மத்தியானத்தில் சந்திக் கடையில் சோற்றுப் பார்சல்; அதிலும் பாதி மிஞ்சுகிறது. மகள் போனில் கேட்டால் சமைத்தேன் என்கிறேன். உம்முடைய வீட்டில் இப்போது ஒரு இளம் சோடி இருக்கிறது. ஒருநாள் துணிந்து அரைக் கட்டுக் கீரையோடு கதவைத் தட்டினேன். நாங்கள் வீட்டில் சமைப்பதே இல்லை அங்கிள் என்று அந்தப் பெண்பிள்ளை பணிவாகத்தான் சொன்னது.

உம்மிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தக் கைப்பழக்கம் ஒன்றுதான். ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி, எவ்வளவு பருப்பு என்று இப்போது எனக்கு அளக்காமலே தெரியும். ஒரு பருக்கை மிஞ்சாமல் சமைக்க ஏலும். அந்த ஒரு ஆள் நான்தான் என்றால், கை ஓடமாட்டேன் என்கிறது, ஐசே.