பேட்ஜ் சொன்ன அளவு

நாள் 30 / 09.10
நிலவுச் சுற்றுப்பாதை ஆய்வகம். வழக்கமான பதிவு. சினை எலிகள் நலம். பாதிக்கு மட்டும் மருந்து தருகிறேன்.

கதிர்வீச்சில் கெட்ட செல்லுக்குச் சாகச் சொல்லும் சேதி வரும். அதை வாங்குவது செல்லின் மேலுள்ள ஓர் ஏற்பி. மருந்து அந்த ஏற்பியை அடைக்கிறது. செல் சாகாமல், தன்னைச் சரிசெய்துகொள்ள அவகாசம் பெறுகிறது, கரு தங்குகிறது. கதிர்வீச்சு குறைவாக இருந்தால்தான் இது சரி. கூடினால் என்ன ஆகும் என்று யாரும் பார்த்ததில்லை.

நாள் 32 / 07.40
எனக்கும் தள்ளிப்போயிருக்கிறது. சோதனையில் இரண்டு கோடுகள். கிளம்புமுன் பார்த்தபோது ஒன்றுதான் இருந்தது.

யாரிடமும் சொல்லவில்லை. சில நாள் எனக்கு மட்டுமே தெரிந்ததாக இருக்கட்டும். கதிர்வீச்சை அளக்கும் பேட்ஜைக் கழற்றி, தண்ணீர்ச் சுவர் சூழ்ந்த புகலறையில் மாட்டிவிட்டேன். அளவு கூடினால் திருப்பி அழைத்துவிடுவார்கள். ஊரில் ஆய்வகத்திலும் எங்கள் பேட்ஜ்கள் மேசை இழுப்பறையில்தான் கிடக்கும்.

நாள் 36 / 15.25
சூரியப் புயல். எலிகளைப் புகலறைக்கு நகர்த்தும்போது கூண்டுச் சட்டம் வழியில் சிக்கிக்கொண்டது. விட்டுவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. வெளி அளவுமானிகள் எரிந்துபோயின; இனி அளவு சொல்ல பேட்ஜ் மட்டும்தான்.

நாள் 36 / 18.00
கரு இருப்பதைத் தரைக்குச் சொன்னேன். மருத்துவர் ஜெசிந்தாவின் பதில்:
"ஏட்டி, இத்தன நாளா வயித்துல வச்சுக்கிட்டு வாயத் தொறக்கல பாரு. சரி, அழாத. பேட்ஜ் அனுப்புன அளவப் பாத்தேன், கொஞ்சந்தான் பட்டிருக்கு. எலிக்குப் போடுற மருந்தையே நீயும் போடு. பிள்ள நிக்கும்."

பேட்ஜ் எங்கே இருந்தது என்று எழுதினேன். அழித்தேன். உண்மை தெரிந்தால் மருந்து வேண்டாம் என்பார். எனக்கு இந்தக் கரு வேண்டும்.

போட்டுக்கொண்டேன்.

நாள் 44 / 11.15
மருந்து பெறாத எலிகளில் ஒரு கருகூடத் தங்கவில்லை. என்னோடு அதே வழியில் நின்றவை. குறைந்த அளவில் இப்படி ஆகாது.

மருந்து பெற்றவை ஈன்றன. குட்டிகள் அத்தனையும் உயிரோடு.

நாள் 47 / 10.05
குட்டிகள் பால் தேடவில்லை. தாய்கள் முகர்ந்துவிட்டு மூலைக்குப் போய்விட்டன. மூன்று நாளாக ஒரு சொட்டு இறங்கவில்லை. தோல் கறுக்கிறது. ஒன்றுகூடச் சாகவில்லை.

நாள் 47 / 13.30
என் வயிற்றை ஸ்கேன் செய்தேன். துடிப்பு இருக்கிறது.

ஜெசிந்தா: "என்னட்டி, சத்தத்தையே காணும்? பிள்ள எப்படித் துடிக்கி?"

நல்லாத் துடிக்குதுக்கா என்று தட்டினேன். அந்தத் துடிப்பு இனி நிற்கவே நிற்காது போல.