பாலத்துச் சிலையைத் தொட்டவளுக்கு

காஞ்சிபுரம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் அபிநயாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நன்றாக இருக்கிறோம். நீயும் அப்படித்தான் என்று நினைத்துக்கொள்ள ஆசை, முடியவில்லை. போனில் கேட்டால் "சூப்பரா கீறேன்பா" என்று சிரித்துவிட்டு அம்மாவிடம் கொடுக்கச் சொல்கிறாய். மெசேஜ் போட்டால் ஒரு கட்டைவிரல் வருகிறது. கட்டைவிரலைப் பார்த்து மகளின் முகத்தைத் தெரிந்துகொள்ளும் அளவுக்கு நான் படிக்கவில்லை. அதனால்தான் கடிதம்.

ஊரில் நல்ல மழை. தாமல் ஏரி நிரம்பிவிட்டது, பெரியப்பா முகத்தில் சிரிப்பைப் பார்க்க முடிகிறது. முகூர்த்த மாதம் என்பதால் கல்யாணப் பட்டு எடுக்க வருகிறவர்களின் சவாரி எனக்கு ஓயாமல் இருக்கிறது. கடையில் பாதி நாளைக் கழித்துவிட்டு, மத்தியானம் கோயில் நடை சாத்தியிருந்தால் என்னைத்தான் முறைக்கிறார்கள், ஏதோ நான்தான் சாத்தியதுபோல.

இப்போது உன் படங்களுக்கு வருகிறேன். பிராக் நகரத்துக்குப் போனதிலிருந்து நீ அனுப்பியதெல்லாம் ஆபீஸ் காபி, ஜன்னலுக்கு வெளியே பனி, நீ கருக்கிய சப்பாத்தி. அந்த ஊர்க் கோட்டையைக் காட்டேன் என்று நானும் எத்தனையோ முறை கேட்டேன். "இங்கயேதானப்பா இருக்கேன், எப்ப வேணா பாத்துக்கலாம்" என்றாய். இந்த மாதம் திடீரென்று தினம் ஓர் இடம் வருகிறது. மலைமேல் கோட்டை, அதற்குள் வண்ணக் கண்ணாடி வைத்த பெரிய சர்ச். எலும்புக்கூடு பொம்மை மணியடிக்க, மேலே ஏசுவின் சீடர்கள் வரிசையாக எட்டிப் பார்த்துவிட்டுப் போகும் பழைய கடிகாரம். இரண்டு பக்கமும் சிலை நிற்கும் கல்பாலம். எல்லாமே வேலை நாளில், நல்ல வெயிலில் எடுத்தவை. அங்கே லீவு அதிகம் என்று அம்மாவிடம் சொல்லிவைத்தேன். நானே நம்பவில்லை.

என் தொழிலே ஊர் சுற்றிக் காட்டுவது. இங்கே பிறந்தவர்கள் கைலாசநாதர் கோயிலுக்குள் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. உன் அத்தை துபாய்க்குப் புறப்படும் முன்புதானே ஒரு கோயில் விடாமல் என் வண்டியில் சுற்றினாள்? சொந்த ஊரைச் சுற்றிப் பார்க்கிறவர்கள் அதைவிட்டுக் கிளம்பப் போகிறவர்கள்தான்.

பிறகு அந்தப் பாலத்துப் படம் வந்தது. சிலையின் அடியில் பித்தளைத் தகடு மாதிரி ஒன்று, ஜனங்கள் தொட்டுத் தொட்டு ஓர் இடம் மட்டும் பளபளக்கிறது, அதன்மேல் உன் கை. அம்மா பதறிப் போனாள். "இன்னாத்துக்கு அதப் போயி தொட்டுக்கினு நிக்கிறா? மேல பல்லி எதனா வுழுந்துச்சா?" என்று கேட்டாள். நம் வரதராஜர் கோயில் தங்கப் பல்லியைப் போல அதுவும் தோஷம் போக்குவது என்று நினைத்துவிட்டாள். மறுநாளே போய் உனக்காகத் தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டுவிட்டு வந்தாள். எந்தத் தோளில் விழுந்தது என்று உன்னிடம் கேட்கச் சொல்லி இன்னும் நச்சரிக்கிறாள். நான் சிரித்தேன்.

அந்தச் சிரிப்பு நேற்று வரைதான். ஒரு ஜெர்மன்கார அம்மா சவாரிக்கு வந்தார். என் மகளும் உங்கள் பக்கத்தில்தான் இருக்கிறாள் என்று வழக்கம்போலப் பெருமையாக அந்தப் படத்தைக் காட்டினேன். அவருக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அதைத் தொட்டால் மறுபடியும் பிராக் வருவோம் என்று ஒரு நம்பிக்கையாம். தானும் ஊர் திரும்புகிற அன்று தொட்டாராம். உங்கள் மகள் வீட்டுக்கு வருகிறாளா என்று கேட்டார். ஆமாம் என்றேன். காந்தி ரோட்டில் திரும்ப வேண்டிய இடத்தை விட்டுவிட்டு நேராகப் போய்க்கொண்டிருந்தேன்.

அங்கேயே இருக்கப் போகிறவளுக்கு மறுபடி வர வேண்டுதல் எதற்கு? உன் வேலை போய்விட்டது, இல்லையா அபி?

போனால் போகட்டும். எனக்குப் பயம் அதைப் பற்றியில்லை, அந்த ஊரைவிட்டுக் கிளம்புகிறவள் வீட்டுக்கு வருகிறேன் என்று சொல்லாததைப் பற்றித்தான். ஸ்டாண்டில் என்னோடு வண்டி ஓட்டும் ஜான்சனின் அக்கா மகனுக்கும் வெளிநாட்டில் இப்படித்தான் வேலை போனது. வீட்டில் சொல்ல வெட்கப்பட்டு, விசா முடிந்த பிறகும் யாரோ ஏஜெண்டை நம்பி அங்கேயே தங்கிவிட்டான். ஏதோ ஒரு ஓட்டலின் பின்கட்டில் ஒளிந்து வேலை செய்கிறான். பெற்றவள் செத்ததற்குக்கூட அவனால் வர முடியவில்லை, போனில்தான் அழுதான்.

உன்னைப் பற்றி நான் ஸ்டாண்டில் அளப்பதை நினைத்துத்தான் நீ தயங்குகிறாய் என்றால், அதை விடு. அவர்களிடம் அளக்க எனக்கு வேறு ஏதாவது கிடைக்கும். நான் நினைப்பது தப்பு என்றால் அம்மாவிடம் சொல்லிச் சிரி, இருவரும் சேர்ந்தே சிரியுங்கள். தப்பில்லை என்றால், விசா இருக்கும்போதே கிளம்பு. திரும்பவும் அங்கே போக வேண்டுமா, போ, நானே ஏற்றிவிடுகிறேன். இப்போது வா.

அம்மாவிடம் நான் இதையெல்லாம் சொல்லவில்லை. காமாட்சி அம்மன் உன்னைப் பத்திரமாக வைத்திருக்கட்டும்.

எந்த விமானம், எத்தனை மணிக்கு என்று மட்டும் சொல், மீனம்பாக்கத்தில் நிற்பேன். வண்டியில் ஏறுகிறவர்களிடம் ஏன் வந்தீர்கள் என்று நான் கேட்டதே இல்லை. நீ பின்சீட்டில் படுத்துத் தூங்கலாம். வீடு வந்ததும் எழுப்புகிறேன்.

அப்பா,
மாணிக்கவேல்