வெளியாள் ஆடக்கூடாது

9 ஜன., வெள்ளி
பனி. கம்பெனி பஸ்ஸில் என் சீட்டு ஜன்னல் மூடாது. தொண்டை கட்டிவிட்டது. வாங்க வேண்டியவை: முட்டிப் பட்டை, வலி ஸ்ப்ரே, வீட்டுக்குக் கரும்பு.

காணும் பொங்கல் கபடிக்கு நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். அடியில் கொட்டை எழுத்தில், 'வெளியாள் ஆடக்கூடாது.' சரியான விதிதான். தம்பி தினேஷ் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருக்கிறான். காண்ட்ராக்டரோ ஒடிசாவிலிருந்து ஆள் இறக்கிக்கொண்டே இருக்கிறார். அதை எதிர்த்து 19-ஆம் தேதி கேட் முன்னால் யூனியன் ஆர்ப்பாட்டம். கோஷம் போடுவது நான்.

ஆனால் டீம் கேப்டனும் நான்தானே. எங்கள் ரைடருக்கு முட்டி போச்சு. ரபியை விட்டால் ஆளில்லை. என் மெஷின் ஹெல்பர். ஒடிசாக்காரன். டீ நேரத்தில் ஷெட்டுக்குப் பின்னால் ஆடிக் காட்டினான். விரால் மாதிரி வழுக்குகிறான்.

11, ஞாயிறு
மேகமூட்டம். டி.வி.யில் பழைய கபடி லீக் மேட்ச். நம்ம தமிழ்நாட்டு டீமில் பாதிப்பேர் வடக்கத்திப் பையன்கள். தினேஷ் கட்டில்மேல் ஏறி நின்று விசில்.

"அவுங்கள்லாம் வெளியாள் இல்லியாடா?"

"அது ஏலத்துல எடுக்கறதுண்ணா. அதுவும் இதுவும் ஒண்ணா?"

ஒன்றில்லையா? கோடி கொடுத்து எடுத்தால் நம்மாள், கூலிக்கு வந்தால் வெளியாளா? புரியவில்லை. தலைவலி. இஞ்சி டீ.

13, செவ்வாய்
ரபியிடம் சொல்லிவிட்டேன். பெயர் கேட்டால் ரவி. மேட்ச் முடியும்வரை வாயைத் திறக்காதே. தலையாட்டினான். அப்புறம்தான் உறைத்தது. கபடி பாடிக்கொண்டே போகிற ஆட்டம், பாட்டு நின்றால் அவுட். வாயைத் திறக்காமல் எப்படி ஆடுவான்? நல்ல முட்டாள் நான். நல்லவேளை, அங்கேயும் கபடி, கபடிதான்.

17, சனி
வெயில். செமி ஜெயித்தோம். மைக்கில், "நம்ம மண்ணோட சிங்கம் ரவி!" தினேஷ் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினான்.

ஃபைனலில் ரபிக்குக் கணுக்கால் மடங்கியது. "மா லோ! மா லோ!" என்று அவன் பாஷையில் அம்மாவைக் கூப்பிட்டு அலறினான். விசில் சத்தமெல்லாம் அடங்கிவிட்டது.

கமிட்டித் தலைவர் வந்தார். "இன்னா சேகரு, யார்ரா இவன்?"

"எங்க ஆளுண்ணே."

"உங்க ஆளுன்னா எந்த ஊரு?"

வலி ஸ்ப்ரேயை எடுத்து ரபி காலில் அடித்தேன். டீமையே போட்டியிலிருந்து தூக்கிவிட்டார்கள். தினேஷ் முகம் கொடுத்துப் பேசவில்லை. "ஏமாத்திக்கினே இருந்தியாண்ணா?" அவ்வளவுதான் கேட்டான்.

ரபி நொண்டிக்கொண்டே வந்து, "அண்ணா, நான் தப்பு?" என்றான். இல்லை என்றேன். அவமானமாக இருக்கிறது. கோபமும் இருக்கிறது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

19, திங்கள்
பனி இல்லை. தொண்டை சரியாகிவிட்டது. கேட் முன்னால் நல்ல கூட்டம். தினேஷும் வந்திருந்தான்.

நான், "உள்ளூர் ஆளுக்கே!"

கூட்டம், "வேலை கொடு!"

டீக்கடை ஓரம் பார்த்தேன். ரபி. காலில் கட்டு. கேப்டன் கத்துகிறார் என்று அவனும் கையைத் தூக்கி, எல்லாரையும்விடச் சத்தமாக, "வேலை கொடு! வேலை கொடு!" என்னைப் பார்த்துச் சிரிப்பு வேறு.

அடுத்ததை நான் எடுத்துக் கொடுக்க வேண்டும். கூட்டம் காத்திருந்தது. குரல் எழும்பவில்லை.

தினேஷ் முதுகில் தட்டினான். "பாடுண்ணா. நின்னா அவுட்டு."